அப்பாவின் நினைவு மலர்: அண்ணன் சொல்வதா, நான் சொல்வதா?

ஈரோடு பக்கமிருந்து ஒரு வாசகி ஏழு பக்கத்துக்குக் கைப்பட எழுதியிருக்கிறார். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அவருக்கு வயது 41. கோவையில் வேலை, ஒன்பது வயதில் ஒரே மகன். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா எட்டு மாதத்துக்கு முன்பு, 73 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற மனிதர். தெருவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் வாழ்த்துப்பா அவர் கையால்தான். சிற்றலை வானொலி என்றால் பைத்தியம். சீன வானொலி, பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் என்று ஒன்று விடாமல் கேட்பார். எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதிப் போடுவார். அவர்கள் பதிலுக்கு அனுப்பிய கியூ.எஸ்.எல். அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். முன்னறைச் சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று நம் நேரம் காட்டும். மற்றது ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும், நிலையங்களுக்கு உலக நேரத்தில்தான் எழுத வேண்டும் என்பதால். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு சாவகாசமாக உட்கார்ந்து பஸ்ஸைக் கோட்டை விடுவார்களாம். சாயங்காலம் ஆனால் வாசல் திண்ணை நிறைந்துவிடும்.

இப்போது முதலாம் ஆண்டு திதி வருகிறது. ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் வழவழப்புத் தாளில், வண்ணப் படங்களோடு, "எங்கள் அப்பா ஒரு மகான்" என்று நினைவு மலர் அச்சடிக்க ஏற்பாடு செய்கிறார். வாசகிக்கோ அப்பாவை உள்ளபடி எழுத வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் போனஸ் பணத்தைக் கொடுத்து ரிசீவர் வாங்கி வந்ததையும், அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனதையும் சேர்த்து. அண்ணன் "அதெல்லாம் எதுக்கு? மூத்தவன் நான், நான் முடிவு பண்றேன்" என்கிறார். அம்மா அப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. 22 எவர்சில்வர் டம்ளரில் நாலை வைத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போட்டுவிட்டார். உலக நேரக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டார். மகள் கேட்டதற்கு, "இப்பத்தான் கண்ணு மத்தியானத்துல ஒரு மணி நேரம் கண்ணசர முடியுது" என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து வாசகி ஊருக்கே போகவில்லை.

தன்னைப் பற்றியும் அவருக்கு ஒரு பயம். கருமாதி அன்று அப்பாவின் நண்பர் ஒருவர், பக்கத்து வீட்டு மிக்ஸியை அப்பா பிரித்துப் பூட்டியதையும், கடைசியில் மூன்று திருகாணி மிச்சமாகக் கையில் நின்றதையும் சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அத்தை முறைத்தார். இன்றுவரை அழுகையும் சரியாக வரவில்லை. "நீ இன்னும் மறுப்புக் கட்டத்திலேயே நிக்கிறே" என்று தோழி சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

சிரிப்பை முதலில் முடித்துவிடுவோம். ஏழு பக்கத்தில் அதற்காகத்தான் அதிகம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள்.

1997இல் டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு உளவியலாளர்கள், வாழ்க்கைத் துணையை இழந்தவர்கள் அந்த இழப்பைப் பற்றிப் பேசும்போது முகத்தில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். பேச்சின் நடுவே மனசாரச் சிரித்தவர்களுக்கு வேதனை குறைவாக இருந்தது. மற்றவர்களோடு அவர்கள் உறவும் நன்றாக இருந்தது. நீங்கள் சிரித்தது அப்பா போனதற்கு அல்ல, கையில் மிச்சமாக நின்ற மூன்று திருகாணிக்கு. அந்தப் பந்தியில் அவரும் உட்கார்ந்திருந்தால் உங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அத்தைக்கு அத்தையின் துக்கம். விட்டுவிடுங்கள்.

தோழி சொன்ன கட்டக் கணக்கும் அவ்வளவு சரியில்லை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்தையும் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது தங்கள் சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகளைப் பார்த்து. பறிகொடுத்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பிறகுதான். எல்லாரும் வரிசையாக ஏறித் தீர வேண்டிய படிக்கட்டு அது இல்லை. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபேவும் ஹெங்க் ஷூட்டும் சொன்ன விளக்கம் என் அனுபவத்துக்கு நெருக்கமாகப் படுகிறது: துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறார். கொஞ்ச நேரம் போனவரை நினைத்து உருகுவது, கொஞ்ச நேரம் அவர் இல்லாத வீட்டை நடத்தக் கற்றுக்கொள்வது. கேஸ் புத்தகத்தில் பெயர் மாற்றுவது, கரண்ட் பில் கட்டுவது, மத்தியானம் தூங்குவது எல்லாம் இரண்டாவது பக்கம்.

தூங்குவது என்றேன். அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "எங்க வீட்டுக்கு வந்தவங்க யாரும் காபி குடிக்காமப் போனதில்லை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காபி போட்டது யார் என்று ஓரிடத்திலும் இல்லை. 22 டம்ளரை நாள்தோறும் கழுவிக் கவிழ்த்த கை எது? வானொலிக்கு ஆள் சேர்வது சாயங்காலம் என்றால், அதற்கு முன்னாலேயே பால் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, முறுக்கோ சுண்டலோ பண்ணி வைத்தால்தான் நாலரைக்குத் தட்டு வெளியே போகும். மத்தியானத் தூக்கம் எங்கிருந்து வரும்? அப்பாவின் தாராளம் உண்மையானது, அதைச் சந்தேகிக்கவில்லை. அந்தத் தாராளத்தில் பாதி அம்மாவின் முதுகெலும்பு. நாற்பது வருடத்துக்கு மேல் அதைச் செய்த ஒருத்தி, டம்ளரை எடைக்குப் போட்டதால் புருஷனை மறந்துவிட்டாள் என்று ஆகாது. "கண்ணசர முடியுது" என்று அவர் உங்களிடம் சொன்னது, எனக்குப் புரிந்தவரை, ஒரு மனைவி தன் மகளிடம் மட்டும் சொல்லக்கூடிய விஷயம். வேறு யாரிடம் சொன்னாலும் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். நீங்களும் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்று. நாலாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் மகன் வாரம் இரண்டு தடவையாவது உங்கள் அப்பாவின் வாட்ஸப்புக்குக் குரல் செய்தி அனுப்புகிறான். "அப்புச்சி, இன்னிக்கு எந்த ஸ்டேஷன் புடிச்சீங்க?" என்று. அனுப்பிய மறுநாள் அந்த மைக் குறி நீலமாக மாறிவிடுகிறது. போன் ஏதோ கோளாறு, அதை அணைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். மைக் நீலமாவது கோளாறினால் இல்லை, யாரோ அதைப் போட்டுக் கேட்டால்தான். எட்டு மாதமாக அந்தப் போனில் சார்ஜ் இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒருவர். அவரிடம் இதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம்; அணைக்கவும் வேண்டாம்.

நினைவு மலருக்கு வருவோம். அப்பா வானொலி கேட்டதை எழுதி வைத்த குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். எனக்குச் சின்ன வயதில் இந்தப் பைத்தியம் கொஞ்ச நாள் பிடித்திருந்ததால் அந்தக் கட்டங்கள் புரிந்தன. தேதி, உலக நேரம், அலைவரிசை, பிறகு 'சின்போ' என்ற ஐந்து எண்கள்: சிக்னல் வலு, பிற நிலைய இடையூறு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் சுத்தம். எல்லாவற்றுக்கும் 55555 என்று எழுதிப் போட்டாலும் பெரும்பாலும் அட்டை வந்துவிடும். நேயர்களில் பலர் நிலையத்தாரைக் குளிரவைக்க அப்படித்தான் போட்டார்கள்; நானும் போட்டிருக்கிறேன். உங்கள் அப்பாவின் பக்கத்தில் 1994இல் ஒரு நாள் சீன வானொலிக்கு 43433. ஓரத்தில் பென்சிலில், "பக்கத்து ஸ்டேஷன் மேலே ஏறுது. ஆனாலும் பேச்சு தெளிவு." தனக்குப் பிடித்த நிலையத்துக்கே 43433 போட்ட மனிதருக்கு 55555 மலர் பொருந்தாது. இந்த அளவில் நான் உங்கள் பக்கம்.

முழுக்க உங்கள் பக்கம் இல்லை. அண்ணன் விமானம் கிடைக்காமல் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார் என்கிறீர்கள். முகம் பார்க்கவில்லை. கொள்ளி வைத்ததும் சித்தப்பா மகன். தலைமகனுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. செய்ய முடியாமல் போனதை வழவழப்புத் தாளில் செய்யப் பார்க்கிறார். "மகான்" என்ற சொல் உங்களுக்குப் பொய்யாகப் படுகிறது. அவருக்கு அது மாலை. பிடுங்காதீர்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 31ஆம் நாள் கிரியையின்போது போனவர் பெயரில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். 'கல்வெட்டு' என்றும் நினைவு மலர் என்றும் சொல்வார்கள். வம்சாவளி இருக்கும், தேவாரம் இருக்கும், மருமகனும் பேத்தியும் கூட வேலை பார்த்தவரும் தனித்தனியாக எழுதியது இருக்கும். யாரும் ஒரே குரலில் எழுதுவதில்லை. 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இப்படிப்பட்ட மலர்கள் நிறைய இருக்கின்றன. நாலைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் மலரையும் அப்படிச் செய்யலாம். அண்ணன் பக்கத்தில் அண்ணன் பெயர், உங்கள் பக்கத்தில் உங்கள் பெயர், திருகாணிக் கதை சொன்ன நண்பருக்கு ஒரு பக்கம், பையனுக்கு ஒரு பக்கம். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை, பென்சில் குறிப்பு தெரியும்படி, அப்படியே போடுங்கள். அவர் எழுதிய வாழ்த்துப்பாக்களில் கிடைத்தவற்றைச் சேருங்கள். தெருவில் கேட்டால் கல்யாண ஆல்பத்துக்குள்ளிருந்து வரும். அம்மாவுக்குப் பக்கம் ஒதுக்க வேண்டுமா என்று அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள்.

வளையல் கதையைப் போடலாமா? அப்பாவின் குறையைச் சொல்வது தப்பே இல்லை. நம் ஒப்பாரியிலேயே செத்தவரைக் கொண்டாடுவதற்குச் சமமாகத் திட்டுவதும் உண்டு. ஆனால் அந்தக் கதை அப்பாவுடையது மட்டும் இல்லை. அடகுக் கடை வாசலில் நின்றது அம்மா. அவர் சரி என்றால் எழுதுங்கள். அவரே சொல்லட்டும் என்றால் இன்னும் நல்லது. நீங்கள் நினைத்திருப்பதற்கு நேர்மாறாகக்கூட அந்தக் கதை இருக்கலாம்.

நீங்கள் தனித்தனியாகக் கேட்ட சிலவற்றுக்குப் பதில்:

குறிப்பேடும் எழுத்தும் யாருக்குச் சொந்தம்?

நான் வக்கீல் இல்லை; நண்பரான ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அப்பா உயில் எழுதவில்லை என்கிறீர்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் தன் பெயரில் விட்டுப்போனதில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. மூத்தவர் என்பதற்காகத் தனி அதிகாரம் கிடையாது. அவர் எழுதிய பாட்டுக்கும் குறிப்புக்கும் பதிப்புரிமை, அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் நிற்கும். அதுவும் வாரிசுகள் எல்லாருக்கும் பொது. இதை அண்ணனிடம் சட்டமாகச் சொல்லாதீர்கள். சொன்னால் மலர் நின்றுவிடும், வழக்குதான் மிஞ்சும். உங்களுக்கு இடமில்லை என்ற எண்ணம் உங்களுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக் கடன் கணக்கு

அப்பா, திண்ணை நண்பர்கள் பதினோரு பேருக்குக் கைமாற்றாகக் கொடுத்த தொகைகளைப் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார். "கேட்டால் அம்மாவுக்கு ஆகுமே" என்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போடும் காலம் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம். இடையில் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ ஒரு பகுதி கட்டியிருந்தாலோ மட்டும் நீளும். நீங்கள் சொல்லும் தேதிகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டிவிட்டன. சமீபத்திய இரண்டை மட்டும் நேரில், தனியாக, அம்மாவுக்குத் தெரிந்து கேட்கலாம். எப்படியானாலும் அந்தப் பக்கம் மலரில் வரக் கூடாது. படம் எடுத்து உறவுக்காரர் குழுவில் போடுவதும் கூடாது. கடன் வாங்கியவர்கள் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். அப்பா அதை நாற்பது வருடம் காப்பாற்றியிருக்கிறார்.

பையனின் குரல் செய்திகள்

நிறுத்த வேண்டாம். அப்புச்சி இறந்துவிட்டார் என்று அவனுக்குத் தெரியும். "பதில் வராதுன்னு தெரியும்மா, சும்மா சொல்றேன்" என்று அவனே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போனவரோடு ஏதோ ஒரு தொடர்பு வைத்துக்கொள்வது இயல்பு என்று துக்கத்தைப் படிப்பவர்களே 1990களிலிருந்து சொல்லிவருகிறார்கள். அவனிடம் "தூங்குறாங்க", "வெளியூர் போயிருக்காங்க" என்று மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் கைவிட்டுப் போவதுதான் ஆபத்து. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்புப் போய்விட்டால், 90 நாளுக்குப் பிறகு அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் அவனுக்குப் பதில் அனுப்புவார். இறப்புச் சான்றிதழோடு போய் எண்ணை அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை

வாட்ஸப் கணக்கு 120 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். இதுவரை யார் புண்ணியத்திலோ தப்பித்திருக்கிறது. அப்பாவின் படங்கள் இருக்கும் கூகுள் கணக்கு இரண்டு வருடம் தொடாமல் இருந்தால் அழிக்கப்படலாம். திண்ணைப் பாட்டும் பேச்சும் பதிந்த கேசட்டுகள் 30க்கு மேல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா கெடும், பிளேயரும் கெடும். அதைச் சுத்தம் செய்து மாற்றித் தருகிறவரிடம் கொடுங்கள். நல்லவற்றைத் தொடுமுன், கேசட்டின் முதுகுப்பக்கம் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. உங்கள் அப்பா அந்தக் காலத்தில் அதை உடைத்திருக்கமாட்டார், மறுபடி பதியலாம் என்று வைத்திருப்பார்.

எப்போது யாரையாவது பார்க்க வேண்டும்?

அழுகை வராதது நோய் இல்லை. ஆனால் தினமும் ஏக்கம் அமுக்கி, வேலை, சாப்பாடு, பிள்ளை என்று எதிலும் கை ஓடாமல் மாதக்கணக்கில் போனால், அதற்கு நீடித்த துக்கம் என்று பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஆறு மாதம், அமெரிக்க வகைப்பாட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அதை நான் பார்க்கவில்லை. உங்களுக்கோ அண்ணனுக்கோ வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் நாள் கணக்குப் பார்க்காமல் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். ஷார்ஜாவிலிருந்து அந்த எண் கிடைக்காமல் போகலாம். அண்ணனுக்கு அங்கேயே ஒரு மருத்துவர் வேண்டும். அண்ணனிடம் வாரம் ஒரு முறையாவது மலரைத் தவிர வேறு ஏதாவது பேசுங்கள். "அன்னிக்கு ஏர்போர்ட்டுல எத்தனை மணி நேரம்ண்ணா உக்காந்திருந்தே?" என்று கேளுங்கள். இதுவரை அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

திதிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. இந்த ஞாயிறே ஊருக்குப் போங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு. பிஸ்கட் டின்னை எடுத்துத் தரையில் கொட்டி, அட்டைகளை வருட வாரியாக அடுக்கும் வேலையை அவனிடம் விடுங்கள். உலக நேரக் கடிகாரத்துக்குப் புது பேட்டரி வாங்கிப் போகலாமா என்றால், போகலாம். மாட்டுவதற்கு முன் அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள். காபியை நீங்கள் போடுங்கள். நாலு டம்ளர் போதும். ஒன்று மட்டும், மத்தியான பஸ்ஸில் போய் இறங்காதீர்கள். நாலு மணிக்கு மேல் போங்கள், அம்மா எழுந்த பிறகு.